விடையை மூடி வை, தங்கையே!

(மூன்றாம் ஆண்டு, இளமறிவியல் தாவரவியல் மாணவி)

மாசி பிறந்துவிட்டால் நெய்வேலி நகரியத்து வீடுகளில் ஒரு மாற்றம் தெரியும். தொலைக்காட்சியின் ஒலி தாழும். விருந்தினர் வருகை குறையும். முன்னறையில் ஒரு மேசை. மேசையின்மேல் ஒரு விளக்கு. விளக்கின்கீழ் குனிந்த தலையொன்று. முதல் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தந்தை செருப்பைக்கூட ஓசையின்றிக் கழற்றி வைப்பார். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது என்பதற்கு இவையே அடையாளங்கள். மண்ணைத் தோண்டி மின்னொளி எடுத்து நாட்டுக்கு வழங்கும் இந்த ஊரில், அந்த ஒளியின்கீழ் அமர்ந்து நம் தம்பி தங்கையர் என்ன செய்கின்றனர்? பெரும்பாலோர் மாதிரி வினாத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கின்றனர். அதிலும் உயிரியல் மாணவர்களின் மேசைமேல் அடுக்கியிருக்கும் வினா வங்கிகளின் உயரத்தைப் பார்த்தால் நமக்கே மலைப்பு உண்டாகும்.

வினாத்தாளைப் பயில்வது தவறா? தவறன்று. என்னைக் கேட்டால், பாடத்தை ஐந்து முறை படிப்பதைவிட ஒருமுறை படித்துவிட்டு வினாக்களுக்கு விடை தேடுவது மேலானது என்பேன். ஆனால் இன்று நம் வீடுகளில் நடப்பது வினாப் பயிற்சியன்று, விடை வாசிப்பு. வினாவுக்குக் கீழேயே விடை அச்சாகியிருக்கும். கண் வினாவில் விழுவதற்குள் விடையைத் தொட்டுவிடும். "இது எனக்குத் தெரியும்" என்ற நிறைவு தோன்றும். அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். இந்த நிறைவு பொய்யானது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

முதலில் இன்றைய மாணவனின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 1978 ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. 1980 இல் முதல் அணியினர் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினர். அதற்கு முன்பு புகுமுக வகுப்பாகக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்ட உயிரியல், பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. 1984 முதல் 2006 வரை மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு மாநிலம் தனியே ஒரு நுழைவுத்தேர்வு நடத்தியது. அதன்பின் பத்தாண்டுகள் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே வழிகாட்டியது. 2017 முதல் மருத்துவக் கல்லூரியின் வாயிலில் நீட் தேர்வு நிற்கிறது. அரசுப் பள்ளிகளில் பயின்று அத்தேர்வில் தகுதி பெறுவோருக்கு 2020 இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று.

ஆக, ஒரே பாடத்துக்கு இரண்டு தேர்வுகள். பொதுத்தேர்வில் உயிரியல் எழுத்துத்தாளுக்கு 70 மதிப்பெண். தாவரவியலுக்குப் பாதி, விலங்கியலுக்குப் பாதி. இரண்டு பகுதிகளிலும் எட்டெட்டாகப் பதினாறே வினாக்கள் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. மற்றவையெல்லாம் எழுதியும் வரைந்தும் காட்டவேண்டியவை. நீட் தேர்விலோ எழுதுவதற்கு இடமே இல்லை. 180 வினாக்கள், 720 மதிப்பெண். அவற்றுள் சரிபாதியான 90 வினாக்கள், 360 மதிப்பெண், உயிரியலுக்கு உரியவை. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழியும். வினா ஒன்றுக்கு ஒரு நிமிடமே கிடைக்கும். ஒரு தேர்வு "விளக்குக" என்கிறது. மற்றொன்று "விரைந்து தேர்ந்தெடு" என்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வினா வங்கிகளையும் வாங்கி அடுக்குகிறது. நுழைவுத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். இந்த ஆண்டு தேர்வெழுதும் பிள்ளைக்கு அந்த வழக்கின் முடிவுவரை காத்திருக்க நேரமில்லை.

நானும் அப்படிப் படித்தவள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நாட்காட்டியின் ஒவ்வொரு கட்டத்திலும் அன்று முடித்த வினாக்களின் எண்ணிக்கையைக் குறித்து வைப்பேன். இருநூறு, இருநூற்றைம்பது என்று எண் ஏற ஏறப் பெருமிதமும் ஏறியது. விடைக்கு நேரே கறுப்புப் புள்ளி இட்ட புத்தகம் அது. கதை படிப்பதுபோல் ஓடினேன். தேர்வுக்கூடத்தில் அமர்ந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. நான்கு விடைகளுமே எனக்கு அறிமுகமானவையாகத் தோன்றின! தெருவில் பார்த்த முகம். பெயர்தான் நினைவில்லை என்பது போன்ற நிலை. தெரியாததை விட்டுவிட்டிருந்தால் கழிவாவது குறைந்திருக்கும். தெரிந்ததுபோல் இருந்ததால் எல்லாவற்றுக்கும் விடையளித்துவிட்டு வந்தேன். முடிவு நீங்கள் ஊகிக்கக் கூடியதே. இன்னோர் ஆண்டு பயிற்சிக்குப் பணம் கட்ட வீட்டில் வழியில்லை. இந்தக் கல்லூரிக்கு வந்தேன். வந்ததற்கு இன்று வருந்தவில்லை. ஆனால் ஓராண்டு உழைப்பு ஏன் கைகொடுக்கவில்லை என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

அதற்கு விடை போன்ற ஒன்றை, உளவியல் ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தபோது கண்டேன். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் அதை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே வென்றனர்: அவர்கள் நினைவில் 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து மற்றவர்களைச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. திரும்பத் திரும்பப் படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. இரவு படித்ததைக் காலையில் ஒப்பித்து மகிழும் நாம் ஏமாறுவது எங்கே என்று இப்போது விளங்குகிறதல்லவா? விடையைப் பார்த்துப் படிப்பது அன்றைக்குக் கைகொடுக்கும். தேர்வு நாளைக்கு அது வந்து சேராது.

தேர்ந்தெடுக்கும் வினாக்களில் இன்னுமொரு கண்ணி உண்டு. அவற்றில் நான்கு விடைகளில் மூன்று பொய். அதுவும் உண்மைபோலத் தோற்றமளிக்கும் பொய். தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது தவறென்று அறியாமலேயே போகும் மாணவன் அந்தப் பொய்யையே உண்மையாகக் கற்றுக்கொண்டுவிடக் கூடும் என்பதை ரோடிகரும் மார்ஷும் 2005 இல் காட்டினர். மருந்து என்ன? விடையளித்த பிறகு சரியானது எதுவென்று அவனுக்குச் சொல்லிவிடுவதே. எனவே விடைப்பட்டியலே வேண்டாம் என்று நான் கூறவில்லை. அது வினாவுக்கு முன்னே வரக்கூடாது. பின்னே கட்டாயம் வரவேண்டும். திருத்தப்படாத பயிற்சித்தாள் குப்பைத்தாளைவிடக் கெட்டது.

இனி ஒரு சிறு நிகழ்ச்சி. மாலை வேளைகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நான்கைந்து பிள்ளைகள் என்னிடம் பாடம் கேட்க வருவார்கள். அவர்களுள் ஒரு பெண் மந்தாரக்குப்பத்திலிருந்து வருபவள். தந்தை சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. சென்ற பொங்கல் விடுமுறையில் இரண்டு புத்தகங்களை விரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, முந்திரி பொய்க்கனியாம். நாம் தின்கிற பழம் பூவின் எந்தப் பகுதி என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வினா வங்கியில் பூக்காம்பு என்று போட்டிருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஆப்பிள், ஸ்ட்ராபெரி, முந்திரி மூன்றையும் சேர்த்துப் பூத்தளம் என்று வருகிறது. நான் எதை மனப்பாடம் செய்யட்டும்?"

அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. ஒரு வினா தவறினால் நான்கும் ஒன்றுமாக ஐந்து மதிப்பெண் இறங்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இரண்டு புத்தகத்தையும் மூடி வை. பண்ருட்டிப் பக்கம் உன் ஆயா வீட்டில் முந்திரித் தோப்பு இருக்கிறது என்றாயே. மரத்தில் முதலில் வருவது கொட்டையா, பழமா?"

"கொட்டைதான் அக்கா. பச்சையாகத் தொங்கும். பழம் அப்புறந்தான் ஊதும்."

"அந்தக் கொட்டையை முன்பு எது தாங்கிக்கொண்டிருந்தது?"

சற்று யோசித்தாள். "காம்பு..." என்றாள். பிறகு கண்கள் விரிந்தன. "அப்படியானால் காம்புதான் பழமாகிறதா, அக்கா?"

ஆம். பூவின் சூலகப்பை கொட்டையாகிறது, அதுவே மெய்க்கனி. அதைத் தாங்கிய காம்பு பிறகு பருத்துச் சதைப்பற்றாகிறது. காம்பின் நுனியில் பூ அமர்ந்திருந்த இடமாகிய பூத்தளமும் அதனோடு சேர்கிறது. ஒரு நூல் காம்பைச் சொன்னது. மற்றொன்று காம்பின் நுனியைச் சொன்னது. இவ்வளவுதான் வேறுபாடு. எந்தத் தேர்வுக்கு எந்த நூலோ அந்தச் சொல்லை எழுதிவிட்டுப் போகலாம், உள்ளே குழப்பமில்லை. அவசரப்பட்டு முன்னே வந்து நிற்பவரை "முந்திரிக்கொட்டை" என்று நம் ஊரில் ஏன் கேலி செய்கிறார்கள் என்பதும் அன்று அவளுக்குப் புரிந்தது. தோப்பில் வேலை செய்த முன்னோர் பார்த்து அறிந்ததைப் பேச்சில் பொதித்து வைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். நாம் அதை மறந்துவிட்டு வினா வங்கியில் தேடுகிறோம்!

இரண்டு வாரம் கழித்து அதே வினாவைக் கேட்டேன். சொல்லவில்லை; படம் வரைந்து காட்டினாள். அத்துடன் தானே ஒரு வினாவும் கொண்டு வந்திருந்தாள்: "பலாப்பழத்தில் சுளை எது, சுளைகளுக்கு நடுவே இருக்கும் சக்கை எது?" பலா ஒரு கூட்டுக்கனி, ஒரு பூவிலிருந்து வந்ததன்று, பூங்கொத்து முழுவதுமே சேர்ந்து ஆனது. கருவுற்ற பூவின் பூவிதழே சதைப்பற்றுள்ள சுளையாகிறது. கருவுறாத பூக்கள் சக்கையாக நின்றுவிடுகின்றன. இதை நான் சொல்லவில்லை. பாடநூலையும் பழத்தையும் வைத்துக்கொண்டு அவளே கண்டுபிடித்தாள். வினாவுக்கு விடை சொல்லும் பிள்ளை நல்ல பிள்ளை. வினாவையே உண்டாக்கும் பிள்ளைக்குப் பாடம் சொந்தமாகிவிட்டது என்று பொருள்.

நண்பர்களே, நம் பகுதியைப் போல உயிரியல் வினாக்கள் மண்டிக் கிடக்கும் இடம் அரிது. கல்லூரிக்கு வரும் வழியெல்லாம் முந்திரிக் காடுகள். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் முந்திரி இரகங்களையே உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. கடலோரம் சென்றால் சவுக்குத் தோப்புகள். "நைட்ரஜனை நிலைநிறுத்தும் வேர் முண்டுகள் எவற்றில் உண்டு?" என்றால் உடனே அவரைக் குடும்பம், ரைசோபியம் என்று ஒப்பிக்கிறோம். சவுக்கு அவரைக் குடும்பமன்று. ஆயினும் அதன் வேரில் ஃப்ராங்கியா என்ற பாக்டீரியம் முண்டு அமைத்து நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. அதனால்தான் வறண்ட மணலிலும் அது செழிக்கிறது. அதன் ஊசி போன்ற பச்சை "இலைகள்" இலைகளே அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் மெல்லிய தண்டுகள். உண்மையான இலைகள் கணுக்களில் சிறு செதில்களாக ஒட்டியிருக்கும். ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தவன் இதை மறப்பானா?

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் காலடியில் கிடக்கும் வினா ஒன்று உண்டு. 1935 ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இந்த வரலாறு நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எல்லாருக்கும் இன்னொன்றும் தெரியும்: "மகரந்தத்துகளின் வெளியுறை எதனால் ஆனது?" "ஸ்போரோபொலனின்." ஒரு மதிப்பெண். அதோடு முடிந்தது. அந்தப் பொருள் எளிதில் அழியாது என்பதையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அழியாவிட்டால் என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. என்ன ஆகும்? இலையும் மரமும் கரியாகிப் போனபின்னும் மகரந்தம் மட்டும் தன் வடிவத்தோடு நிற்கும். சி. ஜி. கே. இராமானுஜம் என்ற தாவரவியலார் தென்னார்க்காட்டு நிலக்கரியிலிருந்து மகரந்தத்துகள்களைப் பிரித்தெடுத்து 1966 இல் ஆய்வு வெளியிட்டார். அவர் இந்த நிலக்கரியை மயோசீன் காலத்தது என்று கொண்டார். அக்காலம் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியது. நெய்வேலியில் நாம் நடக்கும் தெருவுக்கு அடியில் ஒரு காடு புதைந்திருக்கிறது. அந்தக் காட்டில் பூத்த பூக்களின் மகரந்தம் இன்னும் இருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நெய்வேலிப் பிள்ளையே இதை அறியாமல் "ஆ" என்ற கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்து வந்தால், அந்தத் தேர்வு அவனுக்கு என்ன கொடுத்தது?

"இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பாடநூலோ பருமன். நாட்களோ குறைவு. தோப்பில் போய்ச் செதிலை எண்ணிக்கொண்டிருந்தால் மதிப்பெண் யார் தருவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிரியலில் பெயர்கள் மிகுதி. அவற்றை மனத்தில் இருத்தத்தான் வேண்டும். மனப்பாடத்தை நான் இழிவுபடுத்தவில்லை. மனத்தில் பாடமாகாத எதையும் கொண்டு சிந்திக்க இயலாது. ஆனால் நான் கேட்பது கூடுதல் நேரமன்று. அதே மேசை, அதே விளக்கு, அதே வினா வங்கி. வேண்டியது ஓர் அட்டைத் துண்டு மட்டுமே.

அந்த அட்டையால் விடையை மூடு, தங்கையே. வினாவைப் படி. விடையைத் தாளில் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. பிறகு திறந்து பார். சரியாக இருந்தால், மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று உனக்கு நீயே சொல்லிக்கொள். ஒரு வினா நான்கு வினாவாகும். தவறாக இருந்தால், அதற்கென்று ஒரு குறிப்பேடு வைத்து எழுதிக்கொள். அந்தக் குறிப்பேடுதான் உனக்கு மட்டுமே உரிய வினா வங்கி; எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதிப் பார். நெஃப்ரானையும் மகரந்தப்பையையும் பார்த்து வரையாதே. பார்த்துவிட்டு மூடி வைத்து வரை. நாளொன்றுக்கு இருநூறு வேண்டாம்; நாற்பது போதும். எழுதிக் காட்டும் தேர்வுக்கும், தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கும் இந்த ஒரு பழக்கமே உதவும். ஏனெனில் இரண்டும் கேட்பது நினைவில் இருப்பதைத்தான். கண்ணெதிரே இருப்பதை அன்று.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்று எத்தனை வினா முடித்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று எது தவறாயிற்று?" என்று சிரித்த முகத்துடன் கேளுங்கள். தவற்றுக்கு அஞ்சும் பிள்ளைதான் விடையைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கும். வீட்டில் தவறு செய்ய இடம் கொடுத்தால் தேர்வுக்கூடத்தில் தவறு குறையும்.

இறுதியாக நமக்கு, அரசு கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு, ஒரு கடமை இருக்கிறது. நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் தடுக்கி விழுந்த கல் எது என்று நமக்குத் தெரியும். அதே பாதையில் நம் ஊர்ப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கின்றனர். பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட இயலாத அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒருமணி நேரம் கொடுப்பது பெரிய தியாகமன்று. தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் ஆளுக்கு ஐந்து பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்தால் போதும். வினாவை எவரும் அச்சிட்டுக் கொடுக்கலாம். "இது ஏன் தவறு" என்று பக்கத்தில் அமர்ந்து சொல்ல மனிதர் வேண்டும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது மந்தாரக்குப்பத்துப் பெண் தன் தேர்வுகளை எழுதிக்கொண்டிருப்பாள். அவள் மருத்துவக் கல்லூரிக்குப் போவாளா, நம் கல்லூரிக்கே வருவாளா என்பதை நான் அறியேன். எங்கே போனாலும் முந்திரியின் காம்பையும் பலாவின் சுளையையும் அவளிடமிருந்து எவரும் கழித்துவிட முடியாது. அந்த நம்பிக்கையோடு, விளக்கின்கீழ் குனிந்திருக்கும் ஒவ்வொரு தலைக்கும் சொல்கிறேன்: விடையை மூடி வை, தங்கையே! முதலில் நீ சொல். புத்தகம் பிறகு சொல்லட்டும்.